கழுவின சேறு

போத்தலைச் சூரியனுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "பாருங்கோ, துள்ளுது பாருங்கோ" என்கிறார் பேணாட். மீன் வாங்க வந்த பரீனா எட்டிப் பார்க்கிறாள். கொஞ்சம் கலங்கின கடல் தண்ணீர்.

"ஒண்டையும் காணேல்லையே, அண்ணை."

"சும்மா கண்ணுக்குத் தெரியாது, தங்கச்சி. அதுக்குப் பழக்கம் வேணும்."

பல்கலைக்கழகத்துக் கம்பஸ்காரருக்குப் படகு ஓட்டத் தொடங்கியதோடு பேணாட்டின் நடையே மாறிவிட்டது. துணியைப்போல நெருக்கமான வலையைப் படகுக்குப் பின்னால் இழுத்து, கடலில் மிதக்கும் பொடிச் சீவன்களைப் பிடித்துப் போகிறார்கள் அவர்கள். பேணாட்டின் வேலை படகை மெல்ல ஓட்டுவது. ஆனால் திருகோணமலைச் சந்தையில் அவர் கதையைக் கேட்டால், ஆராய்ச்சியே அவருடையதுதான். பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறார். யாராவது கடலில் துப்பினால் சண்டைக்கு வருகிறார். "எத்தினை லெச்சம் சீவன்ர தலையில துப்பிறாய் தெரியுமே?" அந்தச் சீவன்களைத் தின்று கொழுத்த சூடை மீனை மட்டும் மத்தியானம் முள்ளும் மிஞ்சாமல் சாப்பிடுவார்.

பக்கத்துச் சல்லி ஊர் இராசையா இதைச் சும்மா விடுவானா? "என்ன பேணாட் அண்ணை, இண்டைக்கு என்ன பட்டது? கண்ணுக்குத் தெரியாத பாரையோ?" அவனிடமும் ஒரு படகு இருக்கிறது, புதுசு. பேணாட்டின் நெஞ்சிடி அதுதான்.

போன மாதம் கம்பஸ் தர்சிகா மிஸ்ஸுக்கு வர ஏலாமல் போயிற்று. துறைமுகத்து அடிச்சேற்றை மட்டும் அள்ளி பஸ்ஸில் அனுப்பச் சொன்னார். கயிற்றில் கடலடிக்கு இறக்கின இரும்புக் கவ்வி மேலே வந்தது. கன்னங்கரிய சேறு, அழுகின முட்டை நாற்றம். படிச்ச பிள்ளையிடம் இந்த ஊத்தையைக் கொடுப்பதா? ஆண்டவருக்கு அடுக்குமா? வீட்டுக்குக் கொண்டுபோய், அரிசியில் கல் அரிக்கும் அரிக்கன் சட்டியில் கொட்டி, தண்ணீர் தெளியும்வரை கழுவினார். கலங்கின தண்ணீர் முழுவதும் வாழையடிக்குப் போனது. மிஞ்சின மணல் வெள்ளையாய் மினுங்கியது. போத்தல் மூடியில் சிலுவை கீறி, பஸ் ஏற்றினார்.

கிழமை திரும்பியதும் போன் வந்தது. "அண்ணை, உங்கட கடலில ஒரு சீவனும் இல்லையே!"

பேணாட் கொதித்தார். "ஆர் சொன்னது? நான் எவ்வளவு வடிவாக் கழுவி அனுப்பினனான்!"

"கழுவினீங்களோ?" என்றார் மிஸ். பிறகு, "மிதக்கிறதுகள் வித்து மாதிரி அந்தச் சேத்துக்கதான் அண்ணை படுத்துக் கிடக்கும். அதைத்தான் நாங்கள் தேடுறது. அடுத்தமுறை நானே வாறன். இனியும் கழுவினா, வேற போட்தான் பாக்கவேணும்."

வேற போட் என்றதும் இராசையாவின் பல்வரிசைதான் பேணாட்டின் கண்ணில் நின்றது.

"வாழைக்கு நல்ல சாப்பாடு," என்றாள் குசினிக்குள்ளிருந்து மனைவி இன்பமலர். "என்ர சட்டிதான் நாறுது."

நேற்று மிஸ் படகில் ஏறினார். பேணாட் படகை மெல்ல ஓட்டினார். கவ்வி மேலே வந்து திறந்தது. சேறு தெறித்து, ஒரு கட்டி வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் அப்பிக்கொண்டது. பேணாட்டின் கை தன்பாட்டில் தண்ணீர் வாளிக்குப் போய், பாதி வழியில் நின்றது. மிஸ் அந்தப் பக்கம் திரும்பும்வரை பார்த்திருந்து, சட்டையிலிருந்த கட்டியைப் போத்தல் மூடியால் வழித்து, ஒரு பொட்டும் சிந்தாமல் மிஸ்ஸின் போத்தலுக்குள் போட்டார்.