மருதப்பனின் மூக்குக்கண்ணாடி

தாளைக் கையில் வாங்கியதும் மருதப்பன் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டுகிறார். நடுவில் ஒருமுறை புருவத்தைச் சுருக்குகிறார். "எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி. ஒரு டீயக் குடிச்சிட்டு வண்டிய எடுக்கேன்" என்கிறார். கொடுத்தவருக்குத் திருப்தி. கண்ணாடியில் பவர் கிடையாது, ஆடித் தபசுத் திருவிழாக் கடையில் வாங்கியது. தாளில் ஒரு வரியைக்கூட அவர் வாசிக்கவில்லை.

சங்கரன்கோவிலில் மைக் ஆட்டோ என்றால் மருதப்பன்தான். ஜவுளிக்கடைத் திறப்பு, கரண்ட் நிறுத்தம், காணாமல் போன கறவை மாடு எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். மற்ற வண்டிகளில் பென் டிரைவில் பதிந்த குரல் ஓடும். இவர் முக்குக்கு முக்கு வண்டியை நிறுத்தி, தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நேரடியாகப் பேசுவார். சாவுச் செய்தியான துட்டிச் சேதிக்கு அவரைத்தான் தேடுவார்கள். "மருதப்பன் மைக்குல சொன்னாத்தாம்லே செத்ததுக்கே ஒரு மரியாதை" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள்.

சூட்சுமம் டீயில் இருக்கிறது. குடிக்கிற சாக்கில் தாளைப் படமெடுத்து மனைவி தங்கத்தாய்க்கு அனுப்பிவிடுவார். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கத்தாய் வெளியே வந்து, அதை வாசித்து வாட்ஸப்பில் குரலாக அனுப்புவார். காதோடு வைத்து இரண்டு தரம் கேட்டால் போதும், அட்சரம் பிசகாது.

மருதப்பன் எழுத்தறியாதவர் அல்ல. தனித்தனியாகக் காட்டினால் எல்லா எழுத்தையும் சொல்வார். கூட்டினால் ஒரு சொல் வரும். அடுத்ததைக் கூட்டி முடிப்பதற்குள் முதலாவது நழுவிவிடும். நேற்று கூட்டிய அதே சொல் இன்று எதிரே வந்தால் முன்பின் தெரியாத ஆள் மாதிரி நிற்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாடத்தை ஒருதரம் வாசிக்கக் கேட்டுவிட்டு, புத்தகத்தை விரித்து வைத்து ஒப்பிப்பார். பக்கம் மாறியதுகூடத் தெரியாமல் ஒப்பித்து அகப்பட்டுக்கொண்ட நாளோடு படிப்பு நின்றது. அன்றைக்குக் கிடைத்த பட்டம் சோம்பேறி.

இந்த வித்தை போன மாசம்தான் காலை வாரிவிட்டது. கோயில் நிலம் பார்த்துவந்த சங்கரநயினார் காலமானார். வழக்கம்போல் படம் போயிற்று, குரல் வந்தது. மாலை ஐந்து மணிக்கு உடல் எடுப்பு. வண்டி கிளம்பும் நேரத்தில் இறந்தவரின் மருமகன் ஓடிவந்து தாளை வாங்கி, ஓரமாக ஏதோ கிறுக்கி, "ஒரு திருத்தம் போட்டிருக்கு, பாத்துச் சொல்லிருங்க" என்று நீட்டிவிட்டு ஓடிவிட்டான். மருதப்பன் தங்கத்தாயைக் கூப்பிட்டார். தறிச் சத்தத்தில் போனை எடுக்க ஆளில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து, தலையை ஆட்டிவிட்டுப் புறப்பட்டார்.

எடுப்பை மதியம் இரண்டு மணிக்கு மாற்றியிருந்தார்கள்.

கரிவலம்வந்தநல்லூரில் சங்கரநயினாரின் தங்கை நெல்லையம்மாள் இருக்கிறார். வீட்டுப் பங்கில் மனஸ்தாபம், வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. சாவுக்குப் போன்கூட வரவில்லை. அந்த ஊருக்கும் போன மருதப்பனின் மைக்கில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். பகையாவது ஒன்றாவது என்று பஸ் பிடித்து வந்தார். ஐந்து மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று நம்பி வந்தவர் இறங்கியபோது வாசலில் பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாவி, எங்க அண்ணன் மொகத்தப் பாக்க விடாமப் பண்ணிட்டியேடா!" என்று ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்து அழுதார். கூட்டத்தில் ஒருவன், "குடிச்சிருப்பான், வேறென்ன?" என்றான். பீடிகூடப் பிடிக்காத மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வாசிக்கத் தெரியாதவன் என்பதைவிடக் குடிகாரன் என்ற பெயர் அவருக்கு எளிதாக இருந்தது, அவ்வளவுதான். துட்டி வீடுகள் பென் டிரைவ் வண்டிக்குப் போயின.

மறுவாரம் ஒரு முகாம் அறிவிப்பு வந்தது. தங்கத்தாயின் குரல் வாசித்தது: "தெரிந்த சொல்லையே உங்கள் குழந்தை ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டுகிறதா? உரக்க வாசிக்கச் சொன்னால் ஒளிந்துகொள்கிறதா? இது சோம்பேறித்தனம் அல்ல. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம்." வாசித்து முடித்தது. பிறகு, "என்னங்க, இது ஒங்களச் சொல்லுதாப்புல இருக்கு" என்றது அந்தக் குரல்.

ரத வீதி முக்கில் 'சோம்பேறித்தனம் அல்ல' என்ற இடத்தில் மருதப்பன் மைக்கை இறக்கிவிட்டார். ஆம்ப்ளிஃபயர் போச்சு என்று எதிர்க்கடைக்காரர் நினைத்தார்.

முகாமில் பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார் வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்தார். சிறப்பாசிரியை வித்யாலட்சுமி அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"டெஸ்ட் பிள்ளைகளுக்குத்தான் அண்ணாச்சி. ஆனா நீங்க சொல்லுததெல்லாம் அதேதான். கண்ணுல கோளாறு இல்ல. வாசிக்கதுக்குன்னு மூளையில பொறவியிலயே எடம் கெடையாது. மொகத்த, சாமான அடையாளம் பாக்குத எடத்துக்குப் பக்கத்துலயே கொஞ்சம் எடம் பழகிப் பழகி எழுத்துக்குன்னு ஆகுது. எழுத்தையும் சத்தத்தையும் சேக்குத பாதை நல்லா விழுந்துட்டா, சொல்லப் பாத்ததுமே தெரிஞ்ச மொகம் மாதிரி பளிச்சுனு தெரியும். சில பேருக்கு அந்தப் பாதை லேசுல விழாது. அதான் தடவைக்குத் தடவ கூட்ட வேண்டியிருக்கு. புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது."

"அப்ப நான் சோம்பேறி இல்லையா டீச்சர்?"

"யாரு சொன்னா?"

மருதப்பன் எழுந்து வெளியே வந்தார். வண்டியை நேரே கரிவலம்வந்தநல்லூருக்கு விட்டார்.

நெல்லையம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"நான் குடிக்கல பெரியம்மா. எனக்கு வெரசா வாசிக்க வராது. திருத்தத்தப் பாத்தேன், பிடிபடல. கேக்க வெக்கப்பட்டுட்டேன்."

சுளகு நின்றது. நெல்லையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தார். எழுந்து உள்ளே போய் ஒரு பத்திரிகையோடு வந்தார். அண்ணன் வீட்டிலிருந்து பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தது. அண்ணன் படம்கூடப் போடாத பத்திரிகை.

"நான் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவ. எங்க அண்ணன் பேரு இதுல எங்கன இருக்கு? காட்டு."

தாள் நிறையப் பெயர்கள். எந்த இடத்தில் விரலை வைத்து இதுதான் என்றாலும் அந்த அம்மாளுக்குத் தெரியப்போவதில்லை. மருதப்பனின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்க் கண்ணாடியை எடுத்தது. மாட்டப்போனவர், அதை மடக்கி உளுந்துக்குப் பக்கத்தில் வைத்தார். தரையில் உட்கார்ந்து, பத்திரிகையைத் தொடையில் விரித்து, முதல் வரியின் முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தார்.