காப்புக் கயிறும் கடல் பயணமும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் நின்றுகொண்டே தூங்கினேன்.

மாடு நின்றபடி தூங்கும். குதிரையும் தூங்குமாம். ஐம்பத்து நான்கு வயது மனிதன், அதுவும் மாரியம்மன் கோயில் வாசலில், தவில் சத்தத்துக்கு நடுவில் தூங்க முடியுமா? முடியும். கொழுந்து பொங்கி வருகிற சித்திரை மாதத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு வந்து நின்று பாருங்கள். தெரியும்.

தூங்கியதுகூடப் பெரிய தப்பில்லை. அந்தத் தூக்கத்தில் என் வலது கை ஒரு காரியம் செய்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்கு எங்கள் தோட்டத்துக் கோயிலில் காப்புக் கட்டு. திருவிழாவுக்குக் கரகம், காவடி எடுக்கிறவர்களுக்குப் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். கட்டிக்கொண்டால் பத்து நாள் விரதம். மீன், கறி கிடையாது. ஒரு வேளைதான் சோறு. எல்லாவற்றையும்விட முக்கியமானது — திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டி ஒரு ராத்திரிகூடத் தங்கக்கூடாது. பகலில் டவுனுக்குப் போகலாம். விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, ஆத்தா எங்களுக்கு ஒரு மகளைக் கொடுத்தாள். அந்த வருடத்திலிருந்து நான் காப்புக் கட்டுகிறேன். பதினான்கு வருடம், ஒன்றுகூட விட்டதில்லை.

இந்த வருடம் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். காரணம், என் வீட்டுக்காரி நாகேஸ்வரி.

அவள் தங்கை விஜயா கல்யாணம் முடித்துத் திருகோணமலைக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. விஜயாவின் வீட்டிலிருந்து மூன்று நிமிடம் நடந்தால் கடல். ஒவ்வொரு பள்ளி லீவுக்கும் போன் வரும் — "அக்கா, இந்த வாட்டியாவது வா." ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது ஒன்று குறுக்கே வரும். ஒரு வருடம் என் அம்மா படுக்கையில். ஒரு வருடம் ரோட்டில் மண்சரிவு. அப்புறம் கொரோனா. அது போனால் டீசல் இல்லை, பஸ் இல்லை...

சுற்றிவரக் கடல் இருக்கிற நாட்டில் பிறந்து, நாற்பத்தேழு வயதுவரை கடலை டிவியில் மட்டும் பார்த்த ஒருத்தி இருக்க முடியுமா? எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வாருங்கள். ஒருத்தி என்ன... ஒன்பது பேரைக் காட்டுகிறேன்.

நாகேஸ்வரி கொழுந்து பறிக்கிறவள். கொழுந்து காலத்தில் லீவு கேட்டால் கணக்கப்பிள்ளை நம்மை மேலும் கீழும் பார்ப்பார். அவரிடம் நான்கு நடை நடந்து நான்கு நாள் வாங்கியிருந்தாள். மூன்று பேரும் வியாழன் போய்த் திங்கள் திரும்புவதாக ஏற்பாடு. அதற்குப் பிறகுதான் கோயில் கமிட்டி, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று திருவிழாவை இரண்டு வாரம் முன்னுக்கு இழுத்தது. பரவாயில்லை என்றேன். கருவறை முன்னால் நின்று, "தாயே, இந்த ஒரு வருஷம் விட்டுக் குடு" என்று சொல்லியும் வைத்தேன்.

அப்படிச் சொன்னவன்தான் செவ்வாய்க்கிழமை திருநீறு வாங்க வரிசையில் நின்றேன். கண் சொக்கியது. யாரோ கையைப் பிடிக்கிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால், பூசாரி ராமையா அண்ணன் என் மணிக்கட்டில் மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே! என்னா செய்றீங்க?"

"கைய நீட்டுன. கட்டுறேன்."

"நான் துன்னூறுக்குல்ல நீட்டுனேன்!"

"துன்னூறுக்கு உள்ளங்கைய விரிப்பாங்க. நீ மணிக்கட்டக் காட்டிக்கிட்டு நிக்கிற. நான் என்னாத்தக் கண்டேன்?"

பதினான்கு வருடப் பழக்கம். மூளை தூங்கினாலும் கை தூங்கவில்லை.

"அவுத்திரலாமா அண்ணே?" — குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"கட்டத்தான் எனக்கு உத்தரவு. அவுக்கிறது திருவிழா முடிஞ்ச பொறகு ஆத்தங்கரையில. அவசரம்னா உள்ள போயி அவகிட்டயே கேளு."

போனேன். விளக்கு வெளிச்சத்தில் ஆத்தாவின் முகம். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, 'கட்டினதை அவிழ்த்துவிடு' என்று எப்படிக் கேட்பது? கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையை விரல்வரை இழுத்துவிட்டேன். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் போட்டவனை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

உள்ளே பயண ஏற்பாடு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பேக்கில் நாகேஸ்வரி லீக்ஸ், கேரட், தேயிலைத் தூள் எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கைக்கு நுவரெலியா கேரட்தான் வேண்டுமாம்.

"என்னாங்க, கடல்ல சீலையோட எறங்குவாங்களா, நைட்டியோட எறங்குவாங்களா?"

"எப்படி வேணும்னாலும் எறங்கலாம்" என்றேன். கடல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. கோபிக்கப்போவது யார் என்றுதான் எனக்குத் தெரியுமே!

சாப்பாட்டில் மாட்டிக்கொண்டேன். விரதம் இல்லாத வருடம் என்பதால் எனக்குப் பிடித்த நெத்தலிக் கருவாடு பொரித்திருந்தாள். நான் அதைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பருப்புச் சோற்றைப் பிசைந்தேன்.

"கருவாட்ட ஒதுக்குறீங்க, ஸ்வெட்டர் வேற... காய்ச்சலா?" என்று நெற்றியில் கைவைத்தாள்.

"இல்ல புள்ள, வயிறு ஒரு மாதிரியா..."

"அப்பா, ஸ்வெட்டர் கையெல்லாம் பருப்பாகுது" என்று மகள் தர்ஷினி பக்கத்தில் வந்து, என்னைக் கேட்காமலே மடித்துவிட்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்!

மூன்று பேரும் அந்தக் கயிற்றைப் பார்த்தோம்.

நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாகேஸ்வரி எழுந்தாள். கை கழுவிவிட்டுப் போய், பேக்கிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். லீக்ஸ்... கேரட்... புதுத் துவாய்...

"ஆத்தா கட்டிட்டா. நான் என்னா சொல்றது" என்றாள் கடைசியில்.

தர்ஷினிதான் வெடித்தாள். "அப்பா தூங்குனதுக்கு நாங்க ஏன் கடலு பாக்காம இருக்கணும்? அம்மா, நம்ம ரெண்டு பேரும் போவோம்!"

"கண்டியில பஸ் மாறணும்டி. எனக்குக் கண்டி தெரியுமா?"

"நான் சிங்களத்துல கேட்டுக்குவேன்."

"உங்கப்பாவுக்கு விரதச் சோறு யாரு ஆக்குறது? காப்புக் கட்டுனவர விட்டுட்டுப் பொண்டாட்டி கடலு பாக்கப் போனான்னு நாலு பேரு பேசுறதுக்கா?"

அங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'நான் ஆக்கிக்கொள்வேன், போய் வா' என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. ஏன்? உண்மையைச் சொல்கிறேனே... அவள் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயம். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் நான் இல்லாமல் அவள் எங்கள் டவுன் ஹட்டனைத் தாண்டியதில்லை. அவள் இருக்கையில் நான் அடுப்பைத் தொட்டதில்லை.

மறுநாள் வேலை விட்டு வந்தவள் குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். நானும் பத்தடி தள்ளிப் பின்னால் போனேன். பூசாரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். இவரு காப்புக் கட்டியிருக்காரு. இந்த நேரத்துல நான் தங்கச்சி வீட்டுக்குப் போனா ஆத்தாவுக்கு ஆகாதா? குத்தமாயிடுமா?"

பூசாரி எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "கயிறு அவன் கையிலதானம்மா இருக்கு. ஒங் காலுல இல்லையே."

"இல்லண்ணே, விரதச் சோறு..."

"அவன் தொழிற்சாலையில ஆயிரம் கிலோ கொழுந்து வாட்டுறவன். அரைச்சுண்டு அரிசி வேக வைக்க மாட்டானா?" — இப்போது என்னைப் பார்த்தார். "என்னடா?"

"வைப்பேன் அண்ணே."

"கேட்டியாம்மா? சாமி முன்னாடி சொல்லிட்டான். போயிட்டு வா. தேருக்கு மட்டும் வந்துரு."

நாகேஸ்வரி திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது அவள் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. லீக்ஸ் மறுபடியும் பேக்குக்குள் போனது. கூடவே எனக்குப் பாடமும் நடந்தது.

"பருப்பு இந்த டின்னுல இருக்கு. உப்பு ஒரு தடவ போட்டா போதும். தூக்கக் கலக்கத்துல ரெண்டாந்தடவ போட்டுறாதீங்க. நம்ப முடியாது, உங்க கை தானா வேல செய்யுற கை!"

வியாழக்கிழமை காலையில் அவர்களை ஹட்டன்வரை கொண்டுபோய் விட்டேன். சீசன் காலம் அல்லவா? வழியெல்லாம் கொழும்பு வாகனங்கள், எங்கள் பக்கம் ஏறி வந்தபடி. அவர்கள் குளிர் தேடி மேலே வருகிறார்கள். குளிரிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி, மடியில் கேரட்டோடு கீழே இறங்கிப் போகிறாள். அவரவர் கையில் இல்லாததுதான் அவரவருக்கு லீவு போலிருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய் கடையில் உட்கார்ந்தோம். அவர்களுக்கு உளுந்து வடையும் டீயும். எனக்குப் பால் ஊற்றாத பிளேன்டீ மட்டும். நாகேஸ்வரி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன புள்ள?"

"சூடா இருக்கு" என்றாள். "டீய சூடா இருக்கையிலயே குடிச்சு எவ்வளவு நாளாச்சு!"

தேயிலை பறிக்கிறவள் சொல்கிறாள். வீட்டில் அவள் ஊற்றி வைப்பாள். எனக்குக் கொடுப்பாள், மகளுக்குக் கொடுப்பாள், மலைக்குக் கொண்டுபோகிற சோற்றைக் கட்டுவாள். தன் கோப்பைக்குத் திரும்பி வரும்போது அது ஆறிப்போயிருக்கும். இத்தனை வருடம் நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்... பார்த்தேனா?

கண்டி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். பேக்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் பயம். பஸ் கிளம்பியபோது கைகூடக் காட்டவில்லை, பேக்கிலிருந்து கை எடுத்தால்தானே! பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு தாயே என்று ரோட்டோரத்தில் நின்றே கும்பிட்டேன்.

பத்தரை மணிக்கு மகள் போன் பண்ணினாள்.

"அப்பா! கண்டியில ஏறிட்டோம். சீட் இல்லேன்னாங்க. அம்மாதான் கண்டக்டர்கிட்ட சிங்களத்துல சண்ட போட்டு வாங்குனாங்க!"

"யாரு, நம்ம அம்மாவா?"

"ஆமாப்பா. எனக்கே புரியல, அவ்வளவு வேகமா பேசுனாங்க."

அன்று சாயங்காலம், சேர்ந்துவிட்டோம் என்று செய்தி வந்தது. நாளைக் காலையில் முதல் வேலையாகக் கடல் என்றாள் நாகேஸ்வரி. பின்னால் தங்கையின் சிரிப்புச் சத்தம்.

வெள்ளிக்கிழமை பருப்பு வேகவில்லை, சோறு குழைந்தது. சாமி முன்னால் சொன்ன வார்த்தைக்காகச் சாப்பிட்டேன். கொழுந்து வண்டி வண்டியாக வந்து குவிந்துகொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. வெளியே வந்து போன் போட்டேன். கடல் எப்படி இருந்தது என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று நேற்றிலிருந்தே எனக்குள் ஒரு ஆசை.

தர்ஷினிதான் எடுத்தாள். ரகசியம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"அப்பா, அம்மா தூங்குறாங்க."

"கடலு பாத்தாச்சா?"

"இன்னும் இல்லப்பா. காலையில புட்டு சாப்பிட்டுட்டு, செத்த சாஞ்சிட்டு வாரேன்னு படுத்தாங்க. எந்திரிக்கவே இல்ல. சித்தி ரெண்டு தடவ வந்து பாத்துட்டுக் கதவ சாத்திட்டுப் போனாங்க. கடலு சத்தம் இங்கயே கேக்குதுப்பா. அம்மா அதுக்கும் அசையல."

இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். காலை நாலரைக்கு முன்னால் எழுந்திருக்கிறவள். பகல் இரண்டு மணிக்கு நாகேஸ்வரி தூங்கி நான் ஒரு நாளும் கண்டதில்லை. காய்ச்சல் வந்தபோதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் இருப்பாள். யாராவது கூப்பிடுவார்கள் என்று. யாரோ என்ன, நான்தான் கூப்பிடுவேன்.

"அப்பா, எழுப்பவா? வெயில் தாழ்ந்துரும். சித்தி கேக்கச் சொன்னாங்க."

"வேணாம்மா. எழுப்பாத. அவங்களா எந்திரிக்கட்டும்."

"கடலு?"

"அது அங்கதாம்மா இருக்கும். அவசரமில்ல."

எங்களைப் போன்றவர்களுக்கு லீவு என்றால் எங்கேயோ போய் எதையோ பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். கூப்பிட ஆள் இல்லாத ஒரு இடத்தில் படுப்பதும் லீவுதான் என்று திருகோணமலையிலிருந்து எனக்குச் செய்தி வந்தது.

அன்று சாயங்காலம், அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை என்று மகள் மறுபடி சொன்ன பிறகு, கோயிலில் வழக்கமாகக் கேட்கிற எதையும் நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன் — தாயே, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கதவை யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்.