அக்காவின் வெள்ளிக்கிழமைக் கூட்டம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, பந்தியில் அமர்ந்து, கிளம்பும்போது இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட மலரில் மறைந்தவரின் நல்ல குணங்களை மட்டும் எழுதுவது வழக்கம். அக்காவின் நல்ல குணத்தைச் சொல்லப் போனால் என்னுடைய கெட்ட குணம் ஒன்றையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. நான் அவருக்கு எட்டு வயது இளையவன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று அப்பா சொன்னபோது, "ஏன்னு சொல்லுங்கப்பா, சரியா இருந்தா நின்னுடறேன்" என்று அக்கா கேட்டார். அப்பாவுக்குக் காரணம் சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு நாள் முறைத்துக்கொண்டே திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் தாமே போய் மேல்நிலைப் பள்ளி விண்ணப்பத்தை வாங்கி வந்தார். ஆசிரியர் பயிற்சி முடித்து, கல்யாணமாகி, திருவண்ணாமலைக்கே குடிவந்து, நகரை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தார்.

அந்தப் பள்ளியில் அவர் நடத்தியது வெள்ளிக்கிழமைக் கூட்டம். கடைசிப் பாடவேளையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்காருவார்கள். அக்காவும் தரையில்தான். வாரம் ஒரு பிள்ளை தலைமை. கையில் டஸ்டர் வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். யார் மேலும் புகார் சொல்லலாம், டீச்சர் மேலும் சொல்லலாம். பேசி முடித்ததும் கைதூக்கித் தீர்மானம், அதை ஒரு பிள்ளை நோட்டில் எழுதி வைக்கும்.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்த நான், மேலே இருந்து வரும் உத்தரவைக் கீழே அனுப்பியே தலை நரைத்தவன். "பசங்களுக்கு ஜாஸ்தி இடம் குடுக்கறக்கா. நாளைக்கு உன் தலை மேல ஏறுவானுங்க" என்பேன்.

"பதினெட்டு வயசு வரைக்கும் கைய கட்டு, வாய மூடுன்னு சொல்லிட்டு, அப்புறம் ஒரு நாள் போய் ஓட்டுப் போடுன்னா எப்புடிடா போடுவான்? எவன் குடுக்கறானோ அவனுக்குப் போடுவான்" என்பார் அக்கா. "பேசறதுக்கும், அடுத்தவன் பேசறத கேக்கறதுக்கும், கை கம்மியா விழுந்தா ஒத்துக்கறதுக்கும் எங்கனா பழகணும் இல்ல? பள்ளிக்கூடத்த உட்டா வேற எடம் எது?"

இப்போது பௌர்ணமி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் கிரிவலம் என்றால் பாதி ஊருக்கு அன்றுதான் வியாபாரம். அக்கா வகுப்பில் பல பிள்ளைகள் பெற்றோரோடு கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு மறுநாள் பள்ளிக்கு வரமாட்டார்கள். வந்தாலும் அடி விழும் என்று வேறு பயம். அக்கா யாரையும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தார். பிள்ளைகள் இரண்டு வாரம் பேசி ஒரு தீர்மானம் போட்டார்கள்: பௌர்ணமிக்கு மறுநாள் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும், கடைக்குப் போனவர்கள் முதல் பாடவேளையில் வகுப்பிலேயே தூங்கலாம், மற்றவர்கள் சத்தமில்லாமல் புத்தகம் படிக்க வேண்டும், தூங்கியவர்களுக்கு விட்டுப்போனதை மதியம் சொல்லித் தர வேண்டும். அந்த மாதம் எல்லோரும் வந்தார்கள்.

அடுத்த மாதம் பௌர்ணமிக்கு மறுநாள் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பாதி வகுப்பு பாயில் படுத்திருந்தது. டீச்சர் மூலையில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ வந்துவிட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதப் போவதாக அக்கா சொன்னார். நான் பதறிப்போனேன். "அக்கா, விளக்கம் கேட்டா விளக்கம் எழுதக் கூடாது. வருத்தம் எழுதணும். சஸ்பெண்ட் ஆயிட்டா இன்னா பண்ணுவ?" என்றேன். அக்கா கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் பட்டாவில் பெயர் மாற்றுவதற்காக, மனு எழுதிக்கொள்ளச் சொல்லி இரண்டு வெள்ளைத் தாள்களில் அக்கா கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார். அலுவலகத்தில் தம்பி இருந்தால் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதில் ஒரு தாளை எடுத்தேன். "நடந்த தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன், இனி இதுபோல் நிகழாது என உறுதியளிக்கிறேன்" என்று அக்காவின் கையெழுத்துக்கு மேலே அழகாக டைப் செய்து நானே கல்வி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெமோ அதோடு முடிந்தது. அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று சாயங்காலம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜிலேபிகூட வாங்கிப் போனேன்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது கத்தவில்லை. "அது என் லெட்டர் இல்லன்னு போய்ச் சொன்னா உன் வேலை போயிடும். சொல்லலன்னா எங்க கூட்டம் போயிடும். நல்லா மாட்டிவிட்டடா" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் அவரிடம், "டீச்சர், நாங்க சேந்து எடுத்த முடிவத் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். பதிலை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றாராம் அவர். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, "அடுத்த வாரம் நீ வந்து பதில் சொல்லு. உனக்கு இஷ்டம் இருந்தா வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தரையில் உட்கார்ந்தேன். டஸ்டரை என் கையில் கொடுத்தார்கள். மேலதிகாரிகள் எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன், இப்படிப் பேசச் சொல்லி யாரும் டஸ்டர் கொடுத்ததில்லை. நான்தான் எழுதினேன், டீச்சருக்குத் தெரியாது என்றேன். அன்றைய தலைவி கோமதி என்ற சின்னப்பெண். அவள் அப்பா கிரிவலப் பாதையில் சுண்டல் விற்பவர்.

"டீச்சர் பக்கத்துத் தெருவுலதான சார் இருக்காங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்கம்மா. அதான் கேக்கல."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. டஸ்டரைத் திருப்பிக் கொடுத்தேன்.

சாரை முட்டிபோட வைக்கலாம் என்றான் ஒரு பையன். அது தோற்றது. சார் எழுதின மாதிரியே இன்னொரு கடிதம் எழுதட்டும், இந்தத் தடவை நாம் சொல்வதை எழுதட்டும் என்றாள் கோமதி. அது ஜெயித்தது. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. முதல் கடிதத்தை எழுதியது யார் என்பதையும் சேர்ப்பதா?

"சேத்தா சார் வேலை போயிடுமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"போகலாம்" என்றார் அக்கா.

கைதூக்கச் சொன்னார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் எந்தப் பக்கமும் கைதூக்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய் மாதிரி வளர்த்தவர், ஒரு கை தூக்கக்கூடாதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து கை வித்தியாசத்தில் என் பெயர் வேண்டாம் என்று முடிவானது. அவர் தூக்கியிருந்தால் பிள்ளைகள் எல்லோரும் தூக்கியிருப்பார்கள். அது அவர்கள் முடிவாக இருந்திருக்காது. இது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின.

கடிதத்தை ஒவ்வொரு வரியாகச் சொன்னார்கள், எழுதினேன். பழக்கதோஷத்தில் "பணிவுடன் மன்றாடுகிறோம்" என்று எழுதப் போக, "மன்றாட வேணாம் சார், சொல்றோம்னு போடுங்க" என்றார்கள். யார் யார் கடைக்குப் போகிறார்கள், ஏன் போகிறார்கள், தூங்கிய பிறகு எந்தப் பாடத்தை யார் யாருக்குச் சொல்லித் தந்தார்கள் என்று எல்லாம் இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அக்காவும் போட்டார். பதில் வரவில்லை. அடுத்த மெமோவும் வரவில்லை. எங்கள் அலுவலக வழக்கப்படி அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். பிள்ளைகள் மறுபடியும் தூங்கினார்கள், கூட்டமும் அக்கா ஓய்வு பெறும்வரை நடந்தது.

சென்ற ஆண்டு அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது மிகவும் முற்றியிருந்தது. சென்னைக்குக் கொண்டுபோனால் இன்னும் சில மாதம் தள்ளலாம், ஆனால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படுக்கைதான் என்றார் டாக்டர். அக்காவின் கணவரான மாமாவும் அவர்கள் மகளும் நானும் உறவினர்களும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசினோம். எல்லோரும் சென்னைதான் என்றார்கள். எனக்கும் அதுதான் எண்ணம். ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது. சென்னைக்கு மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டிய தாளை, இதெல்லாம் தெரிந்தவன் என்று என்னிடம்தான் நீட்டினார்கள். பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டு உள்ளே போனேன்.

எல்லாவற்றையும் மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"வீட்டுக்குப் போலாம்டா" என்றார்.

"அக்கா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாங்கா."

"இருக்கலாம். நீங்கள்லாம் அதத்தான் நெனைப்பீங்க, தெரியும். நான் வீட்டுலயே இருக்கறேன்."

பதினாறு நாள் வீட்டில் இருந்தார். வெங்காய சாம்பார் கேட்டுச் சாப்பிட்டார். பேத்தியோடு சண்டை போட்டார். கடைசியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அந்தப் பதினாறு நாளும் வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், வேளாவேளைக்குக் கஞ்சி காய்ச்சித் தந்த எதிர்வீட்டாருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோவோடு வந்து நின்ற தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இறுதி ஊர்வலத்தில் பாடையை மாமாவோடு சேர்ந்து சுமந்த பழைய மாணவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கோமதி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளுக்கு என் வணக்கம்.

சென்னைக்குக் கொண்டுபோயிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரே என்று உறவினர் சிலர் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த மலரிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அக்கா வேண்டும் என்றுதான் இருந்தது. கேட்டேன். அவர் வீட்டுக்குப் போகலாம் என்றார்.