வேலப்பன் வீட்டுக்கு ஐந்து தடவை

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடப் போகிறவருக்கு முதலில் வேண்டியது படிப்பு அல்ல, முழங்கால். சொட்டு மருந்துக்கும் மக்கள்தொகைக் கணக்குக்கும் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் இதை உடனே ஒத்துக்கொள்வீர்கள்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். குலசேகரத்துக்கு மேலே, மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடம் சமைத்தேன். அந்த வேலையை விட்ட பிறகு, சுனாமி வந்து மூன்றாம் வருடம், ஒரு தொண்டு நிறுவனத்தார் தேடி வந்தார்கள். பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள காணிக்காரர் மலைக்குடிகளிலிருந்தே ஆறு பேரை எடுத்திருக்கிறோம், வீட்டையும் பள்ளியையும் இணைக்கிற தொடர்பாளர் வேலை, பயிற்சி நீங்கள் கொடுக்க வேண்டும் என்றார்கள். மலைப்பிள்ளைகளோடு பழகியவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் என்பதை யாரும் சொல்லவில்லை.

சிமெண்டுத் தரை

குலசேகரத்தில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் முதல் வகுப்பு. ஐந்து பெண்கள், ஓர் ஆண். எல்லோரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். நான் எழுதி வைத்திருந்த பதினான்கு குறிப்புகளையும் ஒன்று விடாமல் சொன்னேன். சுத்தமாகப் போக வேண்டும், சத்தம் போடக்கூடாது, எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பிசகாமல் எழுத வேண்டும். பதினொரு நிமிடம் ஆயிற்று. தலை நிமிரவே இல்லை. அறையில் நாலு இடத்தில் சிமெண்டு விண்டிருந்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

முடித்ததும் சந்தேகம் உண்டா என்று கேட்டேன். ராணி என்ற பெண் கையைத் தூக்கினாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பத்தாம் வகுப்பு வரை படித்தவள்.

"மாமி, இவ்வளவும் பறைஞ்சது எங்ககிட்டயா, தரைகிட்டயா?"

நோட்டுப் புத்தகம்

எங்கள் பட்டியலில் முதல் பெயர் சௌமியா. ஐந்தாம் வகுப்பு முடித்து வீட்டில் இருந்தாள். ஆறாம் வகுப்புக்கு நான் சமைத்த பள்ளிக்குத்தான் வர வேண்டும். சேர்க்கை அந்த மாதக் கடைசியோடு முடிந்துவிடும். அப்பன் வேலப்பன், ரப்பர் பால் வெட்டுகிறவர்.

வள்ளத்தில் அணையைக் கடந்து முக்கால் மணி நேரம் ஏற்றம். ஆறு பேரும் நானும் முற்றத்தில் நின்றோம். நான் சொல்லிக் கொடுத்தபடியே ஏழு நோட்டுகளையும் ஒரே நேரத்தில் திறந்தோம். வேலப்பன் வீட்டுக்குப் பின்னால் போனவர் அப்படியே மேலே ஏறிப் போய்விட்டார். பக்கத்து இரண்டு வீட்டிலும் கதவு சாத்திக்கொண்டது. அந்த மலையில் நோட்டைத் திறந்து பெயர் கேட்கிறவர்கள் காட்டிலாகாக்காரர்கள் மட்டுந்தானாம். அது தெரிந்த ராணி ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க பதினாலு குறிப்புல எழுதியிருந்தியளே" என்கிறாள்.

அதற்குப் பிறகு நோட்டு கிடையாது. எனக்கோ எண்ணாமல் இருக்க முடியாது. இடது பக்கம் மடியில் நல்லமிளகு முடிந்துகொண்டு போவேன். ஒரு பிள்ளையைப் பார்த்தால் ஒரு மிளகு வலது பக்கம் போகும். கணக்கு ஒருநாளும் பிசகவில்லை. நோட்டைத் திறந்த அந்த முதல் நாள் வாசலில் நின்ற வேலப்பன் மனைவி மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"எழுதாதியம்மா. பேரு எழுதினா, பின்னால ஆளு வரும்."

சரி என்று சொன்ன ஒன்பது வீடு

இரண்டாம் தடவை நல்ல வரவேற்பு. அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகு அரைத்ததும் பால் விடாத கட்டஞ்சாயாவும் தந்தார்கள். வேலப்பன், "அனுப்பலாம்" என்றார். அன்று ஏறின ஒன்பது வீட்டிலும் அதே பதில். சரி என்ற வீட்டுக்கு ஒன்றாக, இறங்கி வரும்போது ஒன்பது மிளகும் வலது மடியில். நான் வள்ளத்தில் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தது இரண்டு பேர். சௌமியா இல்லை. நான் கோபமாக ஏமாற்று என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். ராணி விளக்கினாள். அனுப்ப நினைத்த இரண்டு வீட்டிலும் 'சரி'க்குப் பிறகு கேள்வி வந்தது. ஒருவர் பஸ் எத்தனை மணிக்கு என்றார், இன்னொருவர் தலை பின்னிவிட ஆள் உண்டா என்றார். மற்ற ஏழு வீட்டிலும் 'சரி'யோடு பேச்சு நின்றுவிட்டது. ஆகவே 'சரி'யை எண்ணக்கூடாது, கேள்வியைத்தான் எண்ண வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது தெரியவில்லை. மூன்றாம் தடவை போனோம். வேலப்பன் வாயிலிருந்து அப்போதும் கேள்வி வரவில்லை. ஏமாற்று என்றேனே, அதற்கு ராணி சொன்னது இது:

"வீடு தேடி வந்தவியகிட்ட இல்லைன்னு மொகத்துக்கு நேர எப்படி மாமி பறையது? உங்க ஊருல கல்யாணத்துக்கு வாறேன்னு சொன்ன எல்லாரும் வந்தினுமா?"

சார் மலை ஏறினார்

பள்ளித் தலைமையாசிரியருக்கும் குறை இருந்தது. சனி, ஞாயிறு வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் திங்கட்கிழமை பிந்தித்தான் வருகிறார்கள், இவர்களுக்கு நேரம் என்றால் என்னவென்றே தெரியாது என்பார். நீங்களும் ஒரு தடவை வாருங்கள் என்று ராணிதான் அழைத்தாள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

ஒன்பதரைக்கு வேலப்பன் வீட்டில் இருப்பேன் என்று சொல்லி அனுப்பினார். வள்ளக்காரர் வர முக்கால் மணி நேரம் பிந்தினார். தண்ணீர் வற்றியிருந்ததால் அந்தக் கரையில் முழங்கால் சேறு. மேலே ஏறும்போது மழை. சாருடைய காலில் ஆறு அட்டைகள் எடுத்தேன், ஏழாவதை அவரே எடுத்தார். வீடு சேரும்போது பதினொன்றே கால். வேலப்பன் எழுந்து பாய் விரித்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்:

"பிந்தி வந்தா நீங்க வெளிய நிப்பாட்டுவியன்னு பிள்ளையள் சொல்லுது சாரே. இஞ்ச அப்படி இல்ல, உள்ள வந்து இரியும்."

ஒரு தட்டு

சார் பேசியும் பதில் அதே 'அனுப்பலாம்'தான். சேர்க்கை முடிய ஆறு நாள் இருந்தது. ஆனால் ராணி வேறொன்றைக் கவனித்திருந்தாள். அந்த வீட்டு மூத்த பெண் பிந்து, நான் இருந்தால் வெளியே வருவதில்லை. ராணி தனியாகப் போய் ஓடைக்கரையில் அவளிடம் கேட்டிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் பிந்துவும் எங்கள் விடுதியில் இருந்தவள். வீட்டு நினைப்பு தாங்காமல் ஒருநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் இறங்கி, காட்டு வழியாகத் தனியே நடந்து, மறுநாள் உச்சிக்குத்தான் வீடு சேர்ந்தாள். பிள்ளை காணாமல் போனதைச் சொல்லப் பள்ளியிலிருந்து ஒருவரும் போகவில்லை.

ராணி இதை என்னிடம் வந்து சொன்னாள். அந்த நாள் எனக்குத் தெரியும். மத்தியானம் நாற்பத்திரண்டு தட்டு வைத்தேன், நாற்பத்தொன்றுதான் கழுவ வந்தது. இரண்டு தடவை எண்ணினேன். விடுதி அம்மா ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு பேர் நடுவில் போய்ச் சொல்ல எனக்குக் கூச்சம். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

ஐந்தாம் தடவை ஏறினோம். சேர்க்கை முடிய நாலு நாள். தரையைப் பார்க்காமல் வேலப்பன் முகத்தைப் பார்த்து, எண்ணியதையும் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். பிந்து கதவோரம் வந்து நின்றாள். அவர் என்னைத் திட்டவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்று முடித்தார். பிறகு ராணியின் பக்கம் திரும்பினார்:

"சௌமியாவுக்க தட்டு கொறைஞ்சா, எத்தனை மணிக்கு எனக்குத் தெரியும்?"

சோறு தின்றாள்

"வெயில் சாயும் முன்ன" என்று ராணி வாக்குக் கொடுத்தாள். அதற்கு வழியும் செய்தாள். மத்தியானம் தட்டு எண்ணியதும் புதிய சமையற்காரி வள்ளத்துறைச் சாயாக்கடைக்குப் போன் செய்ய வேண்டும், குறைந்தாலும் செய்ய வேண்டும், சரியாக இருந்தாலும் செய்ய வேண்டும், சேதியை ராணி மேலே ஏறிச் சொல்வாள். அந்தச் சமையற்காரிக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தது நான். அந்த ஒரு வகுப்பு மட்டும் தலை நிமிர்ந்து எடுத்தேன்.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சௌமியா சேர்ந்தாள். வழிக்குத் துணையாகப் பள்ளி வாசல் வரை வந்தது பிந்து. ராணியோ கொடுத்த வாக்கை என்னைவிடப் பிசகாமல் காப்பாற்றினாள். முதல் வாரம் நாலு நாள் மலை ஏறி, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று போய்ச் சொன்னாள். அடுத்த வாரமும் ஏறினாள். அந்தச் சனிக்கிழமை எங்கள் பயிற்சி வகுப்பில், வேலப்பன் தன்னைக் கும்பிட்டுச் சொன்னதாக அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"ராணியே, பிள்ள காணாம போனா மட்டும் வந்தா மதி, கேட்டியா? சோறு தின்னான்னு பறையதுக்கெல்லாம் ஏறி வராத. உனக்கு சாயா போட்டுத் தந்தே எனக்க பால்வெட்டு முடங்குது."

ஐந்து தடவை ஏறினால்தான் வாய் திறக்கிற வீட்டுக்காரர், ஆறாம் தடவையிலிருந்து இனி வராதே என்று கெஞ்சினால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.