போடாத ஊர்

அன்றைக்கு ஏலக் கொட்டகையில் இருந்தது படகுக்காரர்கள் இரண்டு பேர், ஐஸ் உடைப்பவர், நான், அப்புறம் ஏலம் கூவுகிற அண்ணன். பஞ்சாயத்து பிரசிடெண்ட் தேர்தலுக்கு எங்கள் குப்பம் எப்போதும் ஒரே ஆளைத்தான் நிறுத்தும். ஊர்க்கூட்டத்தில் அண்ணன் சொல்கிற பேருக்கு மறுபேச்சு இருக்காது.

குழி விழுந்த கன்னம், தலையில் ஈரத் துண்டு. ஏலம் கூவும்போது மீனைப் பார்க்கவே மாட்டார், வாங்குகிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

கடல் முகத்துவாரம் மண்மூடி, ஏரிக்குள் இறால் வராமல் கிடந்த வருஷம் அது. அதைத் தோண்டச் சொல்லி கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தது மீன் விற்கிற அக்கா ஒருத்திதான். அந்த அக்கா தேர்தலில் நிற்கத் தயார். இன்னொரு பக்கம் லாரிக்காரர். காசு உண்டு, முகத்துவாரத்தைப் பற்றிக் கவலை கிடையாது.

"எனக்கு அக்காதான். ஆனா ஊரு ஓட்டு போடாதேபா" என்றார் ஐஸ்காரர். படகுக்காரர்களும் அதையே சொன்னார்கள். தனியாய் நிற்கிற பயத்தில் நானும் சொன்னேன்.

அண்ணன் சிரித்தார். "எல்லாரும் அக்கா பக்கம்னா, போடாத ஊரு எங்கய்யா குந்திகினு கீது?"

"அப்போ அக்கா பேரையே சொல்லிடுண்ணா" என்றார் ஐஸ்காரர்.

அவர் சிரிப்பு நின்றது. "தோத்துட்டா என்னைத்தானே கேப்பீங்க?"

இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

கூட்டத்தில் அண்ணன் லாரிக்காரர் பேரைச் சொன்னார். லாரிக்காரர் ஜெயித்தார். முகத்துவாரம் இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

போன வாரம் பொன்னேரி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அண்ணன், "அக்கா நின்னிருந்தா ஜெயிச்சிருக்கும்ல?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றாலும் தாங்கமாட்டார், இல்லை என்றாலும் தாங்கமாட்டார் என்று பட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.