இரண்டு மதிப்பெண் வாக்கியம்

பதினெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் என்பதால், அவசர உதவிப் பயிற்சி வகுப்பிலும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் அக்காதான். ஒரு மத்தியானம் கடைசி சீட்டில் ஒரு பயணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது பஸ் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. அந்தப் பயணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர அக்காவுக்கும் ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அந்தக் கை மெல்லச் சில்லிட்டது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. நாற்பத்தோராவது வயதில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஆம்புலன்ஸ் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார். நல்ல மனசுதான். நல்ல மனசு மட்டும் போதுமென்றிருந்தால் நானும் இதைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

வகுப்பில் தரையில் ஒரு ரப்பர் பொம்மை கிடக்கும். இரண்டு இரண்டு பேராகப் போய் அதைப் பிழைக்கவைக்க வேண்டும். முதலில் வாசலுக்குப் போகிறவர் நின்று சுற்றிலும் பார்த்து, "இடம் பாதுகாப்பா இருக்கு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாவது ஆள் உள்ளே கால் வைக்கலாம். அந்த வாக்கியத்துக்கு இரண்டு மதிப்பெண். சொல்லாமல் போனால் மொத்தமும் பூஜ்யம்.

முதல் தேர்வில் அக்கா பொம்மையைப் பார்த்ததும் பதறி ஓடினார். பூஜ்யம் வாங்கினார்.

"எனக்கும் கஷ்டமாதான் இருக்கு," என்றார் கண்ணாடி போட்ட பயிற்சியாளர் அம்மா. "ஆனா அதச் சொல்லலன்னா நான் எதுவும் பண்ண முடியாது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கு."

சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? அக்கா விடாப்பிடியாக உருப்போட்டார். சமையலறைக்குள் போகும்போது சொன்னார், மாடிப்படி ஏறும்போது சொன்னார். "அம்மா, பாத்ரூம்ல ஒரு பல்லிதான் இருக்கு. பயப்படாம போ," என்று மகள் கேலி செய்தாள். வீடே சிரித்தது. வகுப்பறையில் நான்கு மேஜையும் ஒரு மின்விசிறியும்தான். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பார்க்கிற வேலை எப்போது கழன்று விழுந்தது என்று அக்காவுக்கே தெரியாது. வாக்கியம் மட்டும் நாக்கு நுனியில் தயாராக நின்றது. இரண்டாம் தேர்வில் முழு மதிப்பெண்.

அவருக்கு ஜோடியாக வாய்த்தவனை எல்லோரும் பேக்கரி என்பார்கள். எட்டு வருஷம் மாவு பிசைந்த கை. அவன் நெஞ்சை அழுத்தினால் பொம்மையே எழுந்து உட்கார்ந்துவிடும் என்பார் அக்கா. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. யாராவது விழுந்துவிட்டால் முன்பின் யோசிக்காமல் பாய்ந்துவிடுகிற ஆள். பயிற்சி அந்தப் பாய்ச்சலை அடக்கியிருந்தது. அக்கா வாய் திறக்காமல் அவன் வாசலைத் தாண்டுவதில்லை. அக்காவை அவன் அவ்வளவு நம்பினான்.

நிஜ ஆம்புலன்ஸில் ஏறிப் பத்தொன்பதாவது நாள் காலை. மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு துணிக்கடையின் அடித்தளத்தில் தண்ணீர் இறைக்கப் போன ஆள் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை என்று அழைப்பு. வண்டி நின்றதும் இருவரும் இறங்கி ஓடினார்கள். மூத்தவரான டிரைவர் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா படிக்கட்டின் மேல்படியில் நின்றார். கீழே விளக்கு எரிந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். சுவரோரம் ஒருவர் சாய்ந்து கிடந்தார். மூலையில் பெட்ரோல் மோட்டார் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் புகை எதுவும் தெரியவில்லை. மூடிய அறைக்குள் இன்ஜின் ஓடினால் வாசனையே இல்லாத விஷவாயு நிறையும் என்பது இரண்டாம் வாரப் பாடம். அக்கா அதையும் எழுதி மதிப்பெண் வாங்கியவர்தான்.

"போலாமாக்கா?" என்றான் பேக்கரி.

"இடம் பாதுகாப்பா இருக்கு," என்றது அவர் வாய்.

கேட்டதும் சொன்னதும் பின்னால் ஸ்ட்ரெச்சரோடு வந்த டிரைவர் காதிலும் விழுந்தன. பேக்கரி இறங்கினான். கிடந்தவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நான்கு எட்டு இழுத்துவந்தான். ஐந்தாவது எட்டில் தலையை உதறினான். தூக்கம் வந்த பிள்ளை போலக் கடைசிப் படியில் உட்கார்ந்தான். அப்போதுதான் அந்தத் தடதட சத்தம் அக்காவின் காதில் நிஜமாக விழுந்தது. கீழே பாயப் போனவரை டிரைவர் பின்னாலிருந்து இடுப்போடு பிடித்துக்கொண்டார். முகமூடியோடு தீயணைப்பு ஆட்கள் வந்துசேரப் பதினான்கு நிமிஷம் ஆனது. அதற்குள் இரண்டு பேருக்குமே மூச்சு இல்லை.

"ரிப்போர்ட்ல மோட்டார உள்ள வச்சவன் தப்புன்னுதான் எழுதியிருக்கு," என்றார் டிரைவர், மறுநாள். "பேக்கரி கேட்டதும் நீங்க சொன்னதும் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். வாய விட்டுறாதீங்கம்மா. வேலை போயிடும்."

அக்கா தலையாட்டினார். வேலை போவது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. அந்தப் பயத்தோடேயே ஒன்பதாம் நாள் பேக்கரியின் மனைவியைப் பார்க்கப் போனார்.

அவள் அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைகளை ஒரு பெட்டிக்குள் திணித்தபடியே பேசினாள்.

"எத்தன தடவ சொல்லியிருப்பேன் தெரியுமாக்கா? யோசிக்காம பாயாதே, உனக்குன்னு ஒருத்தி இருக்கான்னு. என்னைய ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா நின்னிருப்பாருல்ல? நினைக்கவே இல்ல. எனக்கு அவரு மேல வர்ற கோவத்துல அழுகைகூட வரல."

பயிற்சியில் யாரும் எழுதித்தராத பதில் ஒன்றை அக்கா தேடினார். பேசாமல் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவள் கடைசிச் சட்டையைக் கசக்கி உள்ளே எறிந்தாள்.

"அவரு பாயலம்மா," என்றார் அக்கா. "நின்னாரு. போலாமான்னு என்னக் கேட்டாரு. நான்தான் பாக்காமலே போகச் சொன்னேன்."

அவள் கைகள் அப்படியே நின்றன. பிறகு பெட்டிக்குள் கையை விட்டு அந்தச் சட்டையை எடுத்து, மடியில் விரித்து, சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவத் தொடங்கினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"நீங்க போயிடுங்க," என்றாள், நிமிராமல்.