பெற்றோர் நிரப்ப வேண்டிய பக்கம்

பள்ளியிலிருந்து வந்த அந்தப் படிவம் மஞ்சள் நிறம். இரண்டு பக்கம், பதினான்கு கேள்விகள். அம்மா நிரப்பியதன் நகல் என் கோப்பில் இருக்கிறது. ஆகவே இதை நினைவை மட்டும் நம்பி எழுதவில்லை. ‘உங்கள் குழந்தையின் தனித்திறமைகள் என்ன?’ என்ற கேள்விக்கு, ‘அப்படி ஒன்றும் இல்லை. கையெழுத்து மோசம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ‘தானாகப் புதியவற்றைக் கற்க ஆர்வம் உண்டா?’ என்பதற்கு, ‘சில சமயம். ஆனால் பால் குடிப்பதில்லை.’ பள்ளி அறிய வேண்டிய வேறு ஏதேனும் உண்டா என்பது கடைசிக் கேள்வி. ‘தயவுசெய்து இவளிடம் கண்டிப்பாக இருக்கவும்.’

அப்பா வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கி வந்து அதைப் படித்தார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

1992ஆம் வருடம். நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவின் பெரிய அடுக்கு வீட்டு வளாகம் ஒன்றில் குடியிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. வேகமாகக் கற்கும் குழந்தைகளுக்கென்று பள்ளியில் தனி வகுப்பு ஒன்று இருந்தது. கிஃப்டட் வகுப்பு என்பார்கள். அதற்கான தேர்வை எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மதிப்பெண்கள் நன்றாக உள்ளன, ஆனால் தனி வகுப்பு தேவைப்படும் குழந்தை என்பதற்குப் பெற்றோரின் பதில்களில் ஆதாரம் இல்லை, எனவே இந்த ஆண்டு இடமில்லை. பெற்றோர் விரும்பினால் புதிய விவரங்களுடன் நேரில் வந்து பேசலாம்.

அம்மாவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளையைப் புகழும் வழக்கம் கிடையாது. யாராவது என்னைக் கெட்டிக்காரி என்றால், “எங்கீங்க, சொன்ன பேச்சே கேக்கறதில்ல” என்று அம்மா உடனே மறுப்பார். வாயால் சொன்னாலே கண் பட்டுவிடும். கையெழுத்துப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

ஆனால் அந்த வாரமே என் கணக்குத் தாள் ஒன்று அம்மாவிடம் சிக்கியது. பத்தில் ஏழு தவறு. அம்மா அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தவறான விடைக்கும் அடியில், அழிக்கப்பட்ட சரியான விடை தெரிந்தது.

“ஏங்கண்ணு இப்படிப் பண்ணுன?”

நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். முதலில் முடிப்பவர்கள்தான் வகுப்புக்கே பென்சில் சீவ வேண்டும். இருபத்து நான்கு பென்சில்கள். தினமும் நானே முதலில் முடித்தேன். தினமும் நானே சீவினேன். எல்லோரும் என்னைப் பென்சில்காரி என்றார்கள். சரியாகப் போட்டதை அழித்துத் தவறாகப் போட்டால் நேரம் போகும், மற்றவர்களோடு சேர்ந்து முடிக்கலாம்.

அம்மா தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. வளாகத்தின் பொதுச் சலவை அறைக்குத் துணி எடுத்துப் போனோம். எதிர் வீட்டு ஆண்ட்டி அங்கே இருந்தார். நாகூர்க்காரர், அம்மாவைவிட ஆறு வயது மூத்தவர். அவருடைய மகளும் அதே தேர்வை எழுதியிருந்தாள். அதே கடிதம் அவர்களுக்கும் வந்திருந்தது.

“ஃபார்ம்ல நீங்க என்னக்கா எழுதுனீங்க?” என்று அம்மா கேட்டார்.

“சோம்பேறி, வாயாடி, நீங்களாவது திருத்துங்கன்னு எழுதுனேன்.”

இருவரும் டிரையர் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். பிறகு அம்மா கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். ஆண்ட்டி அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

“நேர்ல போய்ப் பேசலாம்னு போட்டிருக்காங்கக்கா. ஆனா எம் புள்ளையப் பத்தி நானே எப்படீங்க்கா பெருமை பேசறது? வாயே வராதுங்க.”

“எனக்கு மட்டும் வருமாக்கும்?” ஆண்ட்டி ஒரு துண்டை மடித்து முடித்தார். “அப்ப ஒண்ணு பண்ணுவோம். உங்க புள்ளையப் பத்தி நான் எழுதறேன். எம்மவளப் பத்தி நீங்க எழுதுங்க. அடுத்த வீட்டுப் புள்ளைய மெச்சறதுக்கு என்ன வெக்கம்?”

துணி மடிக்கும் மேசையிலேயே வேலை தொடங்கியது. எங்கள் இருவரையும் விளையாடத் துரத்திவிட்டார்கள். மூன்று சனிக்கிழமைகள் எழுதினார்கள்.

சந்திப்பு பள்ளி நூலகத்தில் நடந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்தே வருகிறோம் என்று அம்மா தொலைபேசியில் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலிகளில் எல்லோரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். தனி வகுப்பின் பொறுப்பாளர் அம்மாவைப் பார்த்து, உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அம்மா ஆண்ட்டியைக் கைகாட்டினார்.

“ஷி வில் டெல். ஐ வில் டெல் அபௌட் ஹர் டாட்டர்.”

பொறுப்பாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மாதான் முதலில் பேசினார். திக்கித் திக்கி, பன்னிரண்டு நிமிடம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பெண் வளாகத்தின் வரைபடத்தை மனத்திலிருந்தே வரைந்தது, கதை கேட்டால் முடிவை மாற்றிச் சொல்வது, எல்லாம் சொன்னார். பேசும்போது முகம் மலர்ந்திருந்தது. என்னைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம்கூட அம்மா சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து ஆண்ட்டி. முதலில் என் கணக்குத் தாளை வைத்து, அழித்த விடைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்: காரில் போகும்போது இவள் முன்னால் போகும் வண்டியின் எண்களைக் கூட்டுவாள், ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போவாள். ஏழு வந்தால் கைதட்டுவாள். நடுவில் வரும் ஒன்பதைச் சேர்க்காமல் விட்டாலும் விடை மாறாது என்பதை யாரும் சொல்லித் தராமல் தானே கண்டுபிடித்தாள். முடித்துவிட்டு, கண் படாமலிருக்க, “மாஷா அல்லாஹ்” என்றார்.

பொறுப்பாளர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். தன் பிள்ளைக்காக வாதாடும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன், இப்படி மாற்றி வாதாடுபவர்களை இன்றுதான் பார்க்கிறேன் என்றார்.

இருவருக்கும் இடம் கிடைத்தது. அங்கேயும் நானே முதலில் முடித்தேன் என்று எழுதலாம், ஆனால் அது சரியல்ல: அந்த வகுப்பில் முதல் மாதம் நான்தான் கடைசியாக முடிப்பவள். அதுவும் நன்றாகவே இருந்தது.

அதோடு நிற்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் சனிக்கிழமைச் சலவை அறையில் ஒன்பது அம்மாக்கள் சேர்ந்திருந்தார்கள். தெலுங்குக்காரர் இருவர், சீனப் பெண்மணி ஒருவர். தன் பிள்ளையைப் பற்றித் தானே எழுதக் கூடாது என்பது ஒரே விதி. அவர்கள் பள்ளிக்கும் ஒரு மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டுப் படிவத்தில் ஒரு வரி கூடியது: குழந்தையை நன்கு அறிந்த வேறு ஒருவரும் இப்பக்கத்தை நிரப்பலாம். அந்த வரியைப் போட வைத்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். இதை நான் கொஞ்சமும் அடக்கமின்றியே எழுதுகிறேன்.

ஆனால் சந்திப்பு முடிந்து திரும்பிய அன்று நான், காரை ஓட்டிய அம்மாவோடு பேசவில்லை. எங்கள் தெருவுக்குத் திரும்பும் சிக்னலில், ஆண்ட்டிக்குத்தான் என்னை அதிகம் பிடிக்கும், உனக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஆமா கண்ணு,” என்றார் அம்மா. “அவங்க ரொம்ப நல்லவங்க.”

அந்த ஆண்ட்டி எங்கள் காரில் ஒரு நாளும் ஏறியதில்லை. நான் பின் இருக்கையில் முணுமுணுத்துக் கூட்டியதையெல்லாம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓட்டுநர் இருக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். ஒன்பது வயதில், எல்லா எண்களையும் கூட்டத் தெரிந்த எனக்கு, இது தோன்றவில்லை.